குடல் அழற்சியும் சைட்டோகைன்களும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

சென்ற இதழில் நாள்பட்ட குடல் அழற்சி நோய்களைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாலக்காட்டு எல்லையிலிருந்தும், குமுளி, செங்கோட்டைப் பக்கங்களிலிருந்தும் வந்தவை. ஒரே கேள்வியைப் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருப்பதால் ஆறு கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஆகவே எல்லோருக்கும் ஊர்ப்பெயர் மட்டும்.

கேள்வி: என் கணவருக்கு வயது 34. தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளாக அவருக்கு மலத்தில் ரத்தமும் சளியும் போகின்றன. மூலம் என்று நினைத்து ஓராண்டு அதற்கே மருந்து சாப்பிட்டார். பிறகு கோயம்புத்தூரில் ஸ்கோப் பார்த்து அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண் உண்டாக்கும் அழற்சி) என்றார்கள். எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறி வேலை செய்வதால் வரும் நோய் என்கிறார் டாக்டர். என் மாமியாரோ, எதிர்ப்புச் சக்தி இல்லாததால்தான் பையன் இப்படி இளைத்துப்போனான் என்று சொல்லி லேகியம் கொடுக்கிறார். யார் சொல்வது சரி? சைட்டோகைன் என்று ஏதோ சொன்னார்கள். அது கிருமியா, ரசாயனமா? (கொழிஞ்சாம்பாறை வாசகி)

பதில்: இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வெவ்வேறு பொருளில் பேசுகிறார்கள். எதிர்ப்புச் சக்தி என்பது நம் பேச்சில் பால், எண்ணெய் போல அளந்து ஊற்றக்கூடிய ஒன்றாகிவிட்டது. கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்பது கணக்கு. நோயாளிகளிடம் பேசும்போது மருத்துவர்களாகிய நாங்களும் அந்தக் கணக்கிலேயே சொல்லிவிடுகிறோம். உண்மையில் உடலின் பாதுகாப்பு அமைப்பு என்பது ஓயாமல் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொண்டிருக்கும் பலவகைச் செல்களின் கூட்டம். அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் சிறு புரதங்களே சைட்டோகைன்கள். அவை கிருமியல்ல, வெளியிலிருந்து வந்த ரசாயனமும் அல்ல. நம்முடைய செல்களே அவற்றை உண்டாக்கி வெளியிடுகின்றன; அவை இன்னொரு செல்லின் மேலுள்ள ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டு, பெருகு, இங்கே வா, தாக்கு, போதும் நிறுத்து என்பன போன்ற கட்டளைகளைச் சேர்க்கின்றன. 1974-ஆம் ஆண்டில் ஸ்டான்லி கோஹன் என்ற அறிவியலாளர் இந்தப் பெயரை முன்வைத்தார். 1979-இல் சுவிட்சர்லாந்தில் கூடிய ஆய்வாளர்கள் இவற்றுள் ஒரு பகுதிக்கு இன்டர்லூக்கின் என்று பெயர் வைத்தார்கள். வெள்ளையணுக்களுக்கு இடையே பேசுபவை என்பது அதன் பொருள். குடலின் உட்சுவர்ச் செல்களும் இதே மொழியில் பேசுகின்றன என்பது பின்னர் தெரியவந்ததால், பெயர் கொஞ்சம் குறுகலாகிப்போனது.

நீங்கள் சித்தூர் வட்டத்துக்காரர். ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவு வழியாக முறை வைத்து வருவதைப் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். வாய்க்காலில் தண்ணீர் வருவது தீமையல்ல. மடையைத் திறந்தவர் உரிய நேரத்தில் அடைக்க வராமல் போனால்தான் பயிர் அழுகுகிறது. உங்கள் கணவரின் குடலில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான்.

பெருங்குடலின் உட்புறத்தை மூடியிருப்பது ஒரே ஒரு செல் அளவு கனமுள்ள படலம். அதற்கு அந்தப் பக்கம் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்; இந்தப் பக்கம் காவல் செல்கள். படலத்தில் சிறு விரிசல் விழுந்து நுண்ணுயிர் உள்ளே வந்தால், அங்குள்ள விழுங்கு செல்கள் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-23 முதலிய சைட்டோகைன்களை வெளியிடுகின்றன. அவற்றின் அழைப்புக்கு ரத்தத்திலிருந்து மேலும் வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன. நுண்ணுயிர் அழிந்ததும் இன்டர்லூக்கின்-10 போன்ற அடக்கும் சைட்டோகைன்கள் மேலோங்கி, படலம் ஆறிவிடுகிறது. நம் எல்லோருக்கும் இது நமக்குத் தெரியாமலேயே நடந்துகொண்டிருக்கிறது. கொலைட்டிஸ் நோயில் இரண்டாம் பாதி நடப்பதில்லை. டி.என்.எஃப். தொடர்ந்து சுரக்கும்போது, நுண்ணுயிரைத் தாக்க வந்த அதுவே உட்சுவர்ச் செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. செல்கள் சிலவற்றைச் சாகவும் செய்கிறது. விரிசல் பெரிதாகிறது, மேலும் நுண்ணுயிர் நுழைகிறது, அதைப் பார்த்து மேலும் டி.என்.எஃப். சுரக்கிறது. முதலில் விரிசல் விழக் காரணமாயிருந்த பொருள் எதுவோ, அது போன பிறகும் இந்தச் சுற்று தன் போக்கில் ஓடுகிறது.

அடக்கும் பக்கத்தின் முக்கியத்துவம் 1993-ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. இன்டர்லூக்கின்-10 உண்டாக்கும் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்குத் தானாகவே குடல் அழற்சி வந்தது. அதே எலிகளை நுண்ணுயிரே இல்லாத கூண்டில் வளர்த்தபோது நோய் வரவில்லை. அதாவது, நுண்ணுயிர் மட்டும் போதாது, அடக்கும் செய்தி இல்லாமை மட்டும் போதாது. இரண்டும் சேர வேண்டும். 2009-இல், பிறந்த சில மாதங்களிலேயே கடுமையான குடல் அழற்சியோடு வந்த குழந்தைகள் சிலரிடம், இன்டர்லூக்கின்-10 வந்து ஒட்டும் ஏற்பியிலேயே மரபணுப் பிழை இருப்பது கண்டறியப்பட்டது. செய்தி அனுப்பப்படுகிறது, வாங்கிக்கொள்ளத்தான் கதவில்லை. அப்படியானால் இன்டர்லூக்கின்-10 மருந்தாகக் கொடுத்தால் போதுமே என்று தோன்றும். குரோன் என்ற இன்னொரு குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

இப்போது உங்கள் மாமியாரிடம் வருகிறேன். அவர் கண்ணால் கண்டது உண்மை; காரணம்தான் வேறு. டி.என்.எஃப். என்பதன் விரிவு, கட்டியைச் சாகடிக்கும் காரணி என்பது. எலிகளின் புற்றுக்கட்டிகளை அழிக்கும் பொருளாக 1975-இல் அது விவரிக்கப்பட்டது. வேறொரு ஆய்வுக்குழு, நோயுற்ற விலங்குகள் தின்றாலும் உடல் தேறாமல் மெலிந்துபோவதற்குக் காரணமான பொருளைத் தேடிக்கொண்டிருந்தது. அதற்கு மெலிவிப்பான் என்ற பொருளில் ககெக்டின் என்று பெயரும் வைத்திருந்தது. 1985-இல் இரண்டும் ஒரே புரதம் என்று தெரிந்தது. உங்கள் கணவர் இளைத்திருப்பதில் ரத்தப்போக்குக்கும் பேதிக்கும் பங்கு உண்டு. அவற்றோடு பசியை மந்தமாக்கி, தசையைக் கரைத்து, நாள் முழுதும் அசதியைத் தரும் இந்தச் சைட்டோகைன்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே சத்துக் குறைவு நோயின் விளைவே தவிர, நோயின் காரணம் அல்ல. வீட்டில் ஆக்கிய சோறும் பருப்பும் முட்டையும் அவருக்கு வேண்டும். அதில் மாமியாரின் கையைத் தடுக்காதீர்கள். லேகியத்தின் கதை வேறு. என்னென்ன சேர்ந்தது என்று எழுதப்படாத லேகியத்தை, அது யார் கொடுத்ததாக இருந்தாலும், உங்கள் மருத்துவரிடம் காட்டாமல் தொடர வேண்டாம். மூலம் என்று ஓராண்டு போனதைப் பற்றி வருந்தியும் பயனில்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்கள், ரத்தத்தோடு சளியும் சேர்ந்து சில வாரங்களுக்கு மேல் போனால் அதை மூலம் என்று தாமாக முடிவு செய்துகொள்ளக் கூடாது.

கேள்வி: ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் குடும்பம் எங்களுடையது. மகளுக்கு 19 வயது. வயிற்றுவலி, மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு. தேனியில் ஸ்கோப் பார்த்துவிட்டு, சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண் இருக்கிறது, காசநோயாகவும் இருக்கலாம், குரோன் நோயாகவும் இருக்கலாம் என்று சொல்லிக் காசநோய் மாத்திரை தொடங்கினார்கள். கோட்டயத்தில் காட்டியபோது, குரோன் என்றால் ஊசி மருந்து இருக்கிறது, ஆனால் காசநோய் இல்லை என்று உறுதியான பிறகே போட முடியும் என்கிறார்கள். இரண்டு மருத்துவமனைக்கும் இடையில் அலைகிறோம். ஏன் இந்தத் தயக்கம்? (குமுளி வாசகர்)

பதில்: ஐயா, இரண்டு இடத்திலும் உங்களுக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தயக்கம் நம் நாட்டில் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு மிகவும் வேண்டிய தயக்கம்.

குரோன் நோயை 1932-இல் நியூயார்க்கில் பரில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் விவரித்தார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வரும் அந்தப் புண், குடல் காசநோயைப் போலவே தோற்றம் தந்தது. இன்றைக்கும் ஸ்கோப் வழியாகப் பார்க்கும்போதும், சதைத்துணுக்கை எடுத்துப் பயாப்சி செய்யும்போதும் இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல. இரண்டிலும் காவல் செல்கள் ஒன்றுகூடி உருண்டையாகக் கட்டிக்கொள்ளும் கிரானுலோமா என்ற அமைப்பு காணப்படலாம். காசநோயில் அந்த உருண்டை ஒரு சிறைச்சாலை. கிருமியை முழுதாகக் கொல்ல முடியாதபோது, உடல் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி உள்ளே அடைத்துவைக்கிறது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருடைய உடலில் காசநோய்க் கிருமி நுழைந்த தடயம் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் நோயாளியாவதில்லை, காரணம் இந்தச் சுவர்.

அந்தச் சுவரை நிற்கவைப்பது எது? டி.என்.எஃப். தான். குடலில் விரிசலைப் பெரிதாக்கும் அதே புரதம் நுரையீரலில் கிருமியை அடைத்துவைத்திருக்கிறது. குரோன் நோய்க்குப் போடும் இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் ஆகிய ஊசிகள் டி.என்.எஃப்.-ஐப் பிடித்துச் செயலற்றதாக்குபவை. இன்ஃப்ளிக்சிமாப் 1998-இல் அமெரிக்காவில் குரோன் நோய்க்கு ஒப்புதல் பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான, 108 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவில் ஒரே ஒரு முறை மருந்து ஏற்றப்பட்டவர்களில் 81 சதவீதத்தினருக்கு நான்கு வாரத்தில் குறிப்பிடத்தக்க பலன் கிடைத்தது. வெறும் மருந்தற்ற திரவம் ஏற்றப்பட்டவர்களில் 17 சதவீதத்தினருக்கே அது கிடைத்தது. அதுவரை ஸ்டீராய்டையும் அறுவைச் சிகிச்சையையும் மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். ஆனால் 2001-இல், இந்த மருந்தை ஏற்றிக்கொண்ட பிறகு காசநோய் கண்ட 70 பேரைப் பற்றிய அறிக்கை வெளியாயிற்று. அவர்களில் 48 பேருக்கு மூன்று அல்லது அதற்கும் குறைந்த தவணைகளுக்குள்ளேயே நோய் வெளிப்பட்டிருந்தது. 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியேயும் பரவியிருந்தது. புதிதாகத் தொற்றிய நோய் இவ்வளவு விரைவாக வராது; சுவர் இடிந்து, உள்ளே இருந்தது வெளியே வந்ததாகவே கொள்ள வேண்டும்.

ஆகவே, குடல் காசநோயைக் குரோன் என்று தவறாக எண்ணி டி.என்.எஃப்.-ஐ அடக்கினால் உயிருக்கே ஆபத்து. மாறாக, குரோன் நோயைக் காசநோய் என்று எண்ணிச் சில வாரம் மாத்திரை கொடுத்தால் இழப்பு அந்த அளவுக்கு இல்லை. இந்த ஏற்றத்தாழ்வைக் கருதித்தான், சந்தேகம் தீராதபோது இந்திய மருத்துவர்கள் முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏறத்தாழ இரண்டு மாதம் முடிந்ததும் மறுபடியும் ஸ்கோப் பார்த்தாக வேண்டும். வலி குறைந்திருக்கிறது, காய்ச்சல் நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்து ஆறு மாதம் ஓட்டக் கூடாது. காசநோயானால் புண் ஆறியிருக்கும். குரோன் என்றால் வலி ஓரளவு குறைந்தாலும் புண் அப்படியே நிற்கும். குரோன் நோயைப் பொறுத்தவரை காலம் வீணாவதற்கும் விலையுண்டு: புண்ணை ஆற்ற முயலும் வேறு சைட்டோகைன்கள், குறிப்பாக டி.ஜி.எஃப்.-பீட்டா, தழும்பை உண்டாக்கிக் குடலைச் சுருக்கிவிடும். சுருக்கம் நாரேறிப் போன பிறகு எந்த ஊசியும் அதை விரிக்காது; ஸ்கோப் வழியாகப் பலூன் விட்டு விரிப்பதோ கத்தியோதான்.

குரோன் என்று முடிவாகி ஊசி போடுவதானாலும், மறைந்திருக்கும் காசநோய்க்கான பரிசோதனைகளும் மார்பு எக்ஸ்ரேயும் முன்னதாக வேண்டும். மகள் ஏற்கெனவே ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கையில் போடும் மான்டூ ஊசி பொய்யாக எதிர்மறை காட்டக்கூடும் என்பதையும் மருத்துவருக்கு நினைவூட்டுங்கள். மறைந்த தொற்று இருப்பதாகத் தெரிந்தால் தடுப்பு மாத்திரையைத் தொடங்கி, பொதுவாக ஒரு மாதமாவது சென்ற பிறகே ஊசியைத் தொடங்குவார்கள். எல்லை கடந்து அலைவதைப் பற்றி: காசநோய் மருந்து இரு மாநிலத்திலும் இலவசம். தேனியில் கொடுத்த நிக்ஷய் எண்ணை (அரசின் காசநோய்ப் பதிவு எண்)ப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொண்டு கேரளத்துப் பக்கத்து அரசு மருத்துவமனைக்குச் சிகிச்சையை மாற்றிக்கொள்ள முடியும். பயாப்சி அறிக்கையோடு, சதைத்துணுக்கு ஒட்டிய கண்ணாடிச் சில்லையும் (ஸ்லைடு) கேட்டு வாங்கி கோட்டயத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். அறிக்கையைப் படிப்பதைவிட அதை நேரில் பார்ப்பதையே அவர்கள் விரும்புவார்கள்.

கேள்வி: எனக்கு குரோன் நோய். ஹீமோகுளோபின் 8-க்கு மேல் ஏறுவதே இல்லை. ஆறு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் சாப்பிடுகிறேன். ஃபெரிட்டின் அளவு 60 இருக்கிறது, இரும்புக்குக் குறைவில்லை என்று பரிசோதனைக்கூடத்தில் சொல்கிறார்கள். பிறகு ஏன் ரத்தம் ஊறவில்லை? (செங்கோட்டை வாசகி)

பதில்: அம்மா, உங்கள் சாப்பாட்டில் குறையில்லை. குடல் அழற்சியின்போது சுரக்கும் இன்டர்லூக்கின்-6 ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய், ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. குடல் செல்லுக்குள் நுழைந்த இரும்பு ரத்தத்துக்குப் போக ஒரே ஒரு வாசல்தான் உண்டு. ஹெப்சிடின் அந்த வாசலை மூடிவிடுகிறது. உடலின் சேமிப்பில் இருக்கும் இரும்பும் அதே போலப் பூட்டப்படுகிறது. கிருமிகள் பெருகுவதற்கும் இரும்பு வேண்டும் என்பதால், தொற்று வந்த காலத்தில் அதைக் கைக்கெட்டாமல் ஒளித்துவைப்பது உடலின் பழைய தந்திரம். சில நாள் காய்ச்சலுக்கு அது நல்ல தந்திரம். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சியில் அதுவே ரத்தசோகையாகிறது.

ஃபெரிட்டின் என்பது இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம். அந்த எண்ணை நம்பி ஏமாறுவது இங்கேதான். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே உயரும். அழற்சி இல்லாதவருக்கு 30-க்குக் கீழே போனால்தான் பற்றாக்குறை என்கிறோம். அழற்சி ஓடிக்கொண்டிருக்கும் உங்களுக்கு 100 வரை இருந்தாலும் பற்றாக்குறையாகவே கொள்ள வேண்டும். ஆகவே 60 என்பது உங்களுக்குக் குறைவுதான். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருப்பதாலும், நோய் அடங்காமல் இருப்பதாலும், மாத்திரையை நீட்டிக்கொண்டு போவதைவிட நரம்பு வழியாக இரும்பு ஏற்றிக்கொள்வதே உங்களுக்கு ஏற்றது என்று நினைக்கிறேன். கடைசிச் சிறுகுடலைக் குரோன் தாக்கியிருந்தால் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள். அது உறிஞ்சப்படுவதே அந்த இடத்தில்தான். அழற்சி அடங்காத வரை இரும்பு ஏற்றினாலும் சில மாதத்தில் பழைய நிலைக்கே திரும்பும் என்பதால், இது குடல் மருத்துவரோடு பேச வேண்டிய விஷயமே தவிர சத்து மாத்திரைக் கடையில் பேச வேண்டியது அல்ல.

கேள்வி: முதுகெலும்பு இறுகும் வாதத்துக்காக (அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்) மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். முதுகு நன்றாகத் தேறியது. ஆனால் சில மாதத்தில் பேதியும் வயிற்றுவலியும் தொடங்கின. ஸ்கோப் பார்த்ததில் குரோன் என்றார்கள். முன்பு போட்டது இன்டர்லூக்கின்-17 ஊசி, அது குடலுக்கு ஆகாது என்று சொல்லி வேறு ஊசிக்கு மாற்றிவிட்டார்கள். அழற்சியை அடக்கும் ஊசி எப்படி அழற்சியைக் கொண்டுவரும்? (கோபாலபுரம் வாசகர்)

பதில்: இந்தக் கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, குடல் மருத்துவர்களையும் சில ஆண்டுகள் திகைக்கவைத்த கேள்வி.

இன்டர்லூக்கின்-23 என்ற சைட்டோகைன் 2000-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. 2006-இல், அதன் ஏற்பிக்கான மரபணுவில் குறிப்பிட்ட ஒரு மாற்றத்தோடு பிறந்தவர்களுக்குக் குரோன் நோய் வரும் வாய்ப்பு குறைவு என்று தெரிந்தது. இயற்கையே விட்டுவைத்த குறிப்பு அது. இன்டர்லூக்கின்-23 தூண்டிவிடும் ஒருவகை வெள்ளையணுக்கள் இன்டர்லூக்கின்-17-ஐ ஏராளமாகச் சுரக்கின்றன. குரோன் நோயாளியின் குடலில் அது மிகுதியாகவும் இருக்கிறது. எனவே இன்டர்லூக்கின்-17-ஐ அடைத்தால் குடல் ஆறும் என்று எதிர்பார்த்தார்கள். 2012-இல் வெளியான ஆய்வு நேர்மாறாக முடிந்தது. செக்குகினுமாப் ஊசி போட்டுக்கொண்ட குரோன் நோயாளிகளில் பலருக்கு நோய் கூடியது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

காரணம், இன்டர்லூக்கின்-17 குடலில் வேறொரு வேலையையும் செய்துகொண்டிருந்தது. உட்சுவர்ச் செல்களின் பிணைப்பைக் காப்பதும், கேண்டிடா போன்ற பூஞ்சைகளைக் கட்டுக்குள் வைப்பதும் அதன் பொறுப்பில் இருந்தன. தீ எரியும் இடத்தில் அதை மிகுதியாகப் பார்த்தோம். தீவைத்தவனா, அணைக்க வந்தவனா என்று கேட்கத் தவறிவிட்டோம். மூட்டிலும் முதுகிலும் அதே சைட்டோகைனுக்குக் காக்க வேண்டிய படலம் எதுவும் இல்லை. அங்கே அதை அடைப்பதால் நன்மையே. உங்கள் முதுகு தேறியதும் வயிறு கெட்டதும் ஒரே மருந்தின் இரு முகங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதுகு இறுகும் வாதம் உள்ளவர்களுக்கு, எந்த ஊசியும் போடாமலேயே குடல் அழற்சி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே உங்கள் ஊசி புதிதாக நோயைக் கொண்டுவந்ததா, உறங்கிக்கொண்டிருந்ததை எழுப்பிவிட்டதா என்று உங்கள் ஒருவர் விஷயத்தில் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

ஒரு படி மேலே இருக்கும் இன்டர்லூக்கின்-23-ஐ அடைக்கும் மருந்துகளோ குரோன் நோயில் நன்றாகவே வேலை செய்கின்றன. இன்டர்லூக்கின்-12-ஐயும் 23-ஐயும் சேர்த்து அடைக்கும் உஸ்டெகினுமாப் 2016-இலும், 23-ஐ மட்டும் அடைக்கும் ரிசன்கிசுமாப் 2022-இலும் குரோன் நோய்க்காக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. மேலிருந்து அடைத்தால் நன்மை, கீழே அடைத்தால் தீமை என்பது விசித்திரமாகத் தோன்றலாம். குடலில் வேறு சில செல்கள் 23-இன் தூண்டுதல் இல்லாமலேயே கொஞ்சம் 17-ஐச் சுரக்கின்றன என்பதும், படலத்தைக் காக்க அந்தக் கொஞ்சமே போதும் என்பதும் இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

டி.என்.எஃப். மருந்துகளுக்குள்ளும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு என்பதை உங்களைப் போன்றவர்கள் தெரிந்திருக்க வேண்டும். எட்டனர்செப்ட் என்ற ஊசி மூட்டுவாதத்துக்கு நல்ல மருந்து. குரோன் நோயில் அது பலன் தரவில்லை. மிதந்து திரியும் டி.என்.எஃப்.-ஐ அது பிடிக்கிறது. இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் ஆகியவை செல்லின் மேல் ஒட்டியிருக்கும் டி.என்.எஃப்.-ஐயும் உறுதியாகப் பற்றி, அழற்சியை நடத்திக்கொண்டிருக்கும் செல்களையே மடியச் செய்கின்றன என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. முதுகும் குடலும் சேர்ந்து பாதிக்கப்பட்டவருக்கு இவ்விரண்டில் ஒன்றே பொதுவாக முதல் தேர்வு. இந்தியாவில் 2014 டிசம்பரில் அடலிமுமாபின் ஒத்த வடிவம் உலகிலேயே முதலாவதாக விற்பனைக்கு வந்த பிறகு செலவும் ஓரளவு குறைந்திருக்கிறது. வெடோலிசுமாப் என்ற மருந்து சைட்டோகைனைத் தொடுவதில்லை. வெள்ளையணுக்கள் குடலுக்குள் நுழையும் வழியை மட்டும் மறிக்கிறது. குடலுக்கு அது பாதுகாப்பானது, ஆனால் உங்கள் முதுகுக்கு அதனால் பயனிருக்காது.

புதிய ஊசியும் கேட்காமல் போனால் மனம் தளர வேண்டாம். டி.என்.எஃப். ஊசி போட்டுக்கொள்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆரம்பத்திலிருந்தே போதிய பலன் இருப்பதில்லை. அவர்கள் குடலில் வேறு சைட்டோகைன் ஆட்சி செய்கிறது என்பது காரணங்களுள் ஒன்று. ஆன்கோஸ்டாட்டின்-எம் என்ற ஒன்று மிகுந்திருப்பவர்களுக்கு டி.என்.எஃப். ஊசிகள் சரியாக வேலை செய்வதில்லை என்று 2017-இல் ஆய்வொன்று காட்டியது. யாருக்கு எது ஆட்சி செய்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை இன்னும் வழக்குக்கு வரவில்லை. அதுவரை ஒன்றைப் போட்டுப் பார்த்து மாற்றுவதுதான் நடைமுறை.

கேள்வி: மஞ்சள் சைட்டோகைனை அடக்கும் என்று படித்தேன். கொலைட்டிஸுக்கு மாத்திரையை விட்டுவிட்டு மஞ்சள் தண்ணீர் குடிக்கலாமா? (வேலந்தாவளம் வாசகர்)

பதில்: விட்டுவிடக் கூடாது. மஞ்சளிலுள்ள குர்குமின், சைட்டோகைன் உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் பொறியை ஆய்வுக்குடுவையில் தடுக்கிறது என்பது உண்மை. 2015-இல் வெளியான ஆய்வொன்றில், கொலைட்டிஸுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெசலமின் மாத்திரையோடு சேர்த்து நாளொன்றுக்கு 3 கிராம் குர்குமின் சாப்பிட்டவர்கள் 26 பேரில் 14 பேருக்கு ஒரு மாதத்தில் நோய் அடங்கியது. மெசலமினோடு மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 24 பேரில் ஒருவருக்கும் அடங்கவில்லை. கவனியுங்கள், மாத்திரையோடு சேர்த்துத்தான். மாத்திரைக்குப் பதிலாக அல்ல. நாளொன்றுக்கு 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த இந்திய ஆய்வில் பலன் தெரியவில்லை. சமையல் மஞ்சளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம்தான். 3 கிராம் குர்குமினுக்கு 100 கிராம் மஞ்சள்தூளைக் கரைத்துக் குடிக்க வேண்டும். குர்குமின் மிகுந்தது என்று பெயர் பெற்ற ஆலப்புழை மஞ்சளே ஆனாலும் ஐம்பது, அறுபது கிராமுக்குக் குறையாது. இதற்காகவே விற்கும் மாத்திரைகளில், உறிஞ்சுதலைக் கூட்ட மிளகுச்சாறு சேர்த்தவற்றால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி ஒன்றும் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: கொலைட்டிஸுக்குப் புதிதாக மாத்திரை வந்திருக்கிறது, ஊசியைவிட மலிவு என்று நண்பர் ஒருவர் டோஃபாசிட்டினிப் வாங்கிக் கொடுத்தார். பத்து நாளாகச் சாப்பிடுகிறேன், நன்றாகக் கேட்கிறது. தொடரலாமா? சைட்டோகைன் அளவை ரத்தத்தில் பார்த்துக்கொண்டால் போதுமா? (களியக்காவிளை வாசகர்)

பதில்: அது நல்ல மருந்து, நீங்கள் அதைச் சாப்பிட்ட விதம்தான் தவறு. ஊசிகள் சைட்டோகைனை வெளியிலேயே பிடிக்கின்றன. இந்த மாத்திரையோ, சைட்டோகைன் ஏற்பியில் ஒட்டிய பிறகு செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜாக் என்ற நொதிகளைத் தடுக்கிறது. ஒரே நொதி பல சைட்டோகைன்களின் செய்தியைக் கடத்துவதால், ஒரு மாத்திரையில் பல குரல்கள் ஒன்றாக அடங்குகின்றன. பத்து நாளிலேயே கேட்டதற்குக் காரணம் அதுவே. அக்கி வருவதற்கும், காசநோய் கிளம்புவதற்கும், சிலருக்கு ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைவதற்கும் காரணமும் அதுவே. 2018-இல் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு இது ஒப்புதல் பெற்ற பிறகு, வயது முதிர்ந்தவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இதயநோய் உள்ளவர்களுக்கும் எச்சரிக்கை கடுமையாக்கப்பட்டிருக்கிறது.

ரத்தத்தில் சைட்டோகைன் அளவு பார்ப்பது பணவிரயம். பெரும்பாலான சைட்டோகைன்கள் குடல் சுவருக்குள்ளேயே சுரந்து அங்கேயே வேலை முடிப்பவை. ரத்தத்தில் அவற்றின் அளவு நேரத்துக்கு நேரம் மாறும். அவை விட்டுச்செல்லும் தடயத்தைப் பார்ப்பதே போதும். இன்டர்லூக்கின்-6 சொல்லிக் கல்லீரல் சுரக்கும் சி.ஆர்.பி.-ஐ ரத்தத்திலும், குடலுக்குள் வந்து குவிந்த வெள்ளையணுக்கள் விட்டுப்போகும் கால்ப்ரொடெக்டினை மலத்திலும் பாருங்கள். மூட்டுவலிக்கு மாத்திரை சாப்பிட்டிருந்தால் கால்ப்ரொடெக்டின் பொய்யாக உயரும். பரிசோதனைக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். வலிமாத்திரைகள் கொலைட்டிஸையே கிளப்பிவிடக்கூடியவை என்பதால், பாரசிட்டமால் தவிர மற்றதைத் தவிர்ப்பது நல்லது.

இந்த வாரத்துக்குள் உங்கள் குடல் மருத்துவரைப் பாருங்கள். காசநோய், ஹெபடைட்டிஸ் பி, ரத்த அணுக்கள், கல்லீரல், கொழுப்பு ஆகிய பரிசோதனைகள் மருந்தைத் தொடங்குமுன் செய்திருக்க வேண்டியவை. இப்போதாவது செய்ய வேண்டும். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள், எத்தனை மில்லிகிராம் என்று உங்கள் கடிதத்தில் இல்லை.